டாக்டரிடம் வராத நோயாளியை யார் தேடுவது?

சர்க்கரை வியாதிக்காரர் டாக்டரிடம் போகிறார். மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

அவருடைய பாதத்தைப் பார்த்தார்களா? கண்ணைச் சோதித்தார்களா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது?

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் இதைக் கணக்கெடுக்கிறார்கள். "தேசிய நீரிழிவுத் தணிக்கை" என்று அதற்குப் பெயர். கடைக் கணக்கைச் சரிபார்ப்பது போல, வைத்தியத்தைச் சரிபார்ப்பதே தணிக்கை.

எப்படி நடக்கிறது?

அங்கே மக்கள் தங்கள் வட்டாரக் குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்கிறார்கள். டாக்டரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. 1948-ல் ஏற்பட்ட முறை இது. நோயாளியின் விவரங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவற்றைத் திரட்டித்தான் தணிக்கை செய்கிறார்கள்.

ஆண்டுக்கு 9 சோதனைகள்

மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடை, புகைப்பழக்கம், பாதம், கண் ஆகிய 7. சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் ஒன்று, சிறுநீரில் ஒன்று. ஆக 9. கண்ணுக்கு மட்டும் தனி ஏற்பாடு. மற்ற 8-ம் குடும்ப டாக்டரின் பொறுப்பு.

2004-ல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இத்தகைய வேலைகளைச் சரியாகச் செய்த டாக்டர்களுக்குக் கூடுதல் பணம் கிடைத்தது.

தெரிய வந்தது என்ன?

வயதானவர்களைவிட இளவயது நோயாளிகளுக்கே சோதனைகள் அதிகம் விட்டுப் போகின்றன. அவர்கள்தான் இந்த நோயோடு நெடுங்காலம் வாழ வேண்டியவர்கள்!

சோதனைகளில் அதிகம் விட்டுப் போவது சிறுநீர்ச் சோதனை. சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலி இருக்காது. சிறுநீரில் புரதம் கசிவதே முதல் அடையாளம். அதைப் பார்க்காவிட்டால் நோய் முற்றிய பிறகே தெரியும்.

2020-ல் கொரோனா வந்தது. சோதனைகள் வெகுவாகக் குறைந்தன. கணக்கு இருந்ததால்தான் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பது தெரிந்தது.

கணக்கு மட்டும் போதுமா?

போதாது. நோயின் பெயரைக் கம்ப்யூட்டரில் தவறாகப் பதிந்தால், அந்த நோயாளி கணக்கிலேயே வரமாட்டார். "பாதம் பார்த்தாயிற்று" என்று குறிப்பு இருக்கலாம். எவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள் என்பதை அது சொல்லாது.

ஆனாலும் ஒரு பெரிய நன்மை உண்டு. டாக்டர் தம் கண்ணெதிரே வருபவரைத்தான் பார்க்கிறார். வராதவரைப் பதிவேடு காட்டிக்கொடுக்கிறது. பட்டியலைப் பார்த்து, கடிதம் போட்டோ டெலிபோன் செய்தோ அவரை அழைக்கலாம். கால் மரத்துப்போய், ஆணி குத்தியதுகூடத் தெரியாமல் நடப்பவருக்கு அந்த அழைப்பு காலையே காப்பாற்றும்.

உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிறாரா? ஒரு நோட்டில் இந்த 9 சோதனைகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் கடைசியாக நடந்த தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். தேதி இல்லாத இடத்தை அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.