வீடும் வளவும்: காற்றடித்தால் படம் போகிறதா?

சென்ற இதழில் கூரைப் பீலியைத் துப்பரவாக்குவது பற்றி எழுதியிருந்தோம். இம்முறை கூரையை விட்டு வளவுக்குள் இறங்குகிறோம்.

பேர்த்தில் நாம் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்வளவில், முன்னர் குடியிருந்த தமிழ்க் குடும்பம் விட்டுச்சென்ற பெரிய டிஷ் ஒன்று நின்றது. கம்பி வலையால் ஆனது, குறுக்களவு 2.4 மீற்றர். ஊரிலிருந்து அம்மா வந்து சேர்ந்தபின் அதுவே அவருக்குத் துணையாயிற்று. நாம் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், பிள்ளைகள் பள்ளிக்கூடம். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்குப் பகல் முழுவதும் பேச்சுக்குரல் என்றால் அந்தத் தமிழ் அலைவரிசைதான். சென்னையில் மதியம் 12 மணிக்குத் தொடங்கும் நாடகம் இங்கே பிற்பகல் 2.30க்கு வரும்.

அந்த நேரத்தில்தான் வினையும் வரும். கோடைகாலப் பிற்பகல்களில் பேர்த்தில் தென்மேற்கிலிருந்து கடற்காற்று எழும்பும். வெயிலின் கொடுமையைத் தணிப்பதால் இவ்வூரார் அதற்குப் 'பிரிமான்டில் டொக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வைத்தியர், எங்கள் தொலைக்காட்சிக்கோ நோய்! காற்று பிடித்ததும் படம் கட்டங்கட்டமாக உடைந்து, பின் திரை கறுத்துவிடும்.

இது நமக்குத் தெரியாமலே இருந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் கறுத்த திரைக்கு முன்னால் கைகளை மடியில் வைத்தபடி அம்மா இருந்தார்.

“ஏனம்மா ரீவியை நிப்பாட்டிப் போட்டியள்?” என்று கேட்டோம்.

“நான் நிப்பாட்டேல்லைப் பிள்ளையள். காத்து விழுந்தாப் பிறகு வரும். மூண்டு மாசமா இப்பிடித்தான்.”

திருத்த வந்தவர் எல்.என்.பி. பழுது, ரிசீவரும் பழையது, இரண்டையும் மாற்றவேண்டும் என்றார். முதலில் எல்.என்.பி.யை மாற்றினோம். மறுநாள் பிற்பகல் காற்று எழும்பியது, படம் போயிற்று. அதன்பிறகே வளவுக்குள் போய் நின்று பார்த்தோம். டிஷ் அசையவில்லை. அதன் நடுவிலிருந்து குடைக்காம்புபோல் வளைந்து வரும் குழாயும், அதன் நுனியில் இருந்த எல்.என்.பி.யும்தான் ஆடிக்கொண்டிருந்தன.

சிறு ஆட்டம் இவ்வளவு கெடுதல் செய்வது ஏன்? நாம் பார்க்கும் செய்மதி பேர்த்துக்கு வடமேற்கே, பூமத்திய கோட்டுக்கு மேல் ஏறக்குறைய 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து வரும் மிக மெலிந்த அலைகளை டிஷ் ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தக் குவியத்தில் எல்.என்.பி.யின் வாய் இருக்கவேண்டும். எங்கள் டிஷ்ஷில் அது பக்கவாட்டில் 2 செ.மீ. நகர்ந்தால், டிஷ் வானத்தைப் பார்க்கும் திசையே சுமார் 1 பாகை மாறிவிடும். சி பாண்டில் வரும் சக்தியில் கிட்டத்தட்ட அரைவாசி போய்விடும். பழைய அனலொக் முறையில் இப்படி நடந்தால் படம் மங்கும், அவ்வளவுதான். இன்றைய டிஜிற்றலிலோ ஓர் அளவுக்குக் கீழே போனால் படமே இல்லை. கேயூ பாண்டில் அலைநீளம் இன்னும் சிறியது. அங்கே 1 செ.மீ. கூடப் பொறுக்காது.

நாம் செய்தவற்றை வரிசையாகத் தருகிறோம்.

1. காற்றில்லாத காலை வேளையில் ரிசீவரின் சமிக்ஞை அளவைத் திரையில் வைத்தோம். மகள் யன்னலருகே நின்று எண்ணை வாசிக்க, நாம் குழாயின் நுனியை மெல்லத் தள்ளினோம். எண் விழுந்தது. டிஷ்ஷின் விளிம்பைத் தள்ளும்போதும் எண் விழுமானால், டிஷ்ஷைத் தூணோடு பூட்டிய இடம் தளர்ந்துள்ளது என்று பொருள். அதை முதலில் இறுக்குங்கள்.

2. குழாயின் அடியில் உள்ள நட்டுகளைப் பார்த்தோம். இரண்டு கறள் தின்று தளர்ந்திருந்தன. கறள் பிடிக்காத புதியவற்றைப் போட்டு இறுக்கினோம்.

3. குவியம் எங்கே என்று கணக்கிட்டோம். விளிம்பிலிருந்து விளிம்புக்கு நூல் பிடித்து, நூலிலிருந்து நடுவின் ஆழத்தை அளந்தோம்: 40 செ.மீ. குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுக்கவேண்டும். 240ஐ 240ஆல் பெருக்கினால் 57,600. அதை 640ஆல் வகுத்தால் 90. ஆக, எல்.என்.பி.யின் வாய் டிஷ்ஷின் நடுவிலிருந்து 90 செ.மீ. தூரத்தில் நிற்கவேண்டும்.

4. எல்.என்.பி.யின் கழுத்தைச் சுற்றி ஒரு குழாய்க் கிளிப் பூட்டி, அதிலிருந்து விளிம்புச் சட்டத்துக்குச் சம இடைவெளியில் மூன்று மெல்லிய கம்பிகள் இழுத்தோம். ஒவ்வொன்றிலும், திருகினால் இருபக்கமும் இழுபடும் ஓர் இறுக்கி. வன்பொருட் கடையில் 'ரேர்ன்பக்கிள்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நைலோன் கயிறு வேண்டாம். அது இழுபடும், வெயிலில் உக்கும்.

5. மூன்றையும் மாறிமாறிச் சிறிது சிறிதாகத் திருகினோம். வாயின் நடுவிலிருந்து விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே தூரமாக இருக்கவேண்டும். எங்கள் அளவுகளுக்கு அது 130 செ.மீ. கம்பி தளராமல் நின்றால் போதும். மிஞ்சி இறுக்கினால் விளிம்பே கோணிவிடும்.

எச்சரிக்கையாக மூன்று சொல். ஏணி பிடிக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். கேபிளைக் கழற்றுமுன் ரிசீவரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். வாடகை வீடானால், துளை போடுமுன் வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

இன்று இணையத்திலும் தமிழ் அலைவரிசைகள் வருகின்றன. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தியதும் படம் வரவேண்டும் என்பவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான்.

மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு, காற்று வீசிக்கொண்டிருக்கும்போது, வேலையிடத்திலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். “பிறகு எடுங்கோ, நாடகம் போகுது” என்று வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டு முதியவர்களிடமும், நீங்கள் இல்லாத பகலில் படம் ஒழுங்காக வருகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தாமாகச் சொல்லமாட்டார்கள்.

அடுத்த இதழில், மழைக்காலத்துக்கு முன் கேபிள் மூட்டுகளில் நீர் புகாமல் காப்பது பற்றிப் பார்ப்போம்.