தண்ணி வடிஞ்சதும் சாவியைத் திருகாதீங்க: நான் கொடுத்த தப்பான அட்வைஸும் ரூ.1.81 லட்சமும்



இந்தப் பதிவு ஒரு திருத்தம். கார் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைக் குறைப்பது எப்படின்னு நம்ம சேனல்ல முன்னாடி ஒரு வீடியோ போட்டிருந்தேன். "ஆட்-ஆன் எல்லாம் கம்பெனிக்காரன் லாபத்துக்கு, கண்ணை மூடிக்கிட்டு கழட்டி விடுங்க"ன்னு அதுல சொன்னேன். அதைக் கேட்டு ஒரு தம்பி அப்படியே செஞ்சாரு. அவரு என்கிட்ட வருமான வரி ஃபைல் பண்றவரு. அம்பத்தூர்ல வேலை, கரையான்சாவடியில வாடகை வீடு. 2019-ல வாங்கின கார், ஏழு வருஷ லோன். 2023 ஆகஸ்ட் ரின்யூவல்ல என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனை எடுத்துட்டாரு. மிச்சம் ரூ.2,100.

நாலு மாசத்துல மிக்ஜாம் வந்துச்சு. டிசம்பர் 3, 4 ரெண்டு நாளும் கொட்டினது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அடுக்குமாடியோட கீழ்த்தள பார்க்கிங்ல நின்ன காருக்கு சீட் வரைக்கும் தண்ணி. 6-ஆம் தேதி வடிஞ்சது. "ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பார்ப்போம்"னு சாவியைத் திருகினாரு. 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் ரூ.2,30,000. அதுல என்ஜினுக்கு மட்டும் ரூ.1,45,000. என்ஜினுக்கு ஒரு ரூபாய்கூட கிடையாதுன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்லிடுச்சு. மீதி ரூ.85,000-ல தேய்மானம் எல்லாம் கழிச்சு ரூ.49,000 வந்துச்சு. கையை விட்டுப் போனது ரூ.1,81,000. வண்டி வொர்க்‌ஷாப்ல நின்ன மாசங்களுக்கும் ஈஎம்ஐ போய்க்கிட்டே இருந்துச்சு. நாலு வருஷமா கிளெய்ம் பண்ணாம சேர்த்து வெச்ச 45% நோ கிளெய்ம் போனஸும் பூஜ்யம் ஆச்சு.

அவரு என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அந்த 'டக்' சத்தம் என்ன?

பெட்ரோல் என்ஜின் சிலிண்டருக்குள்ள காத்தையும் பெட்ரோலையும் பிஸ்டன் அழுத்தும். காத்து அழுந்தும், தண்ணி அழுந்தாது. உள்ளே தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினா, மேலே வர்ற பிஸ்டன் சுவத்துல மோதின மாதிரி நிக்கும். கீழே இருக்கிற கனெக்டிங் ராட் வளையும், சில சமயம் உடைஞ்சு பிளாக்கையே ஓட்டை போடும். இதுக்கு ஹைட்ரோஸ்டேட்டிக் லாக்னு பேரு. கவனிங்க: வண்டி சும்மா நின்னு நனைஞ்சதுல என்ஜின் போகலை. ஸ்டார்ட் பண்ணினதுலதான் போச்சு.

தண்ணியால என்ஜின் போற கதை வேற ஊர்ல வேற மாதிரி நடக்கும். மோட்டார் படகு என்ஜின்கள்ல பலது கடல், ஏரித் தண்ணியையே இழுத்துதான் சூடு தணிக்குது. அந்தத் தண்ணி உள்ளே தங்கி உறைஞ்சா சுமார் 9% விரியும், இரும்பு பிளாக்கே விரிசல் விடும். குளிர் நாட்டுல இதைத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. குளிர்காலத்துக்கு முன்னாடி தண்ணியை வடிச்சு, உறையாத திரவத்தை ஊத்தி வெப்பாங்க. மாட்டிக்கிறது வெயில் ஊர்க்காரங்கதான். அமெரிக்காவுல டெக்சாஸ் மாதிரி சூடான மாநிலத்துல 2021 பிப்ரவரியில திடீர்னு கடுங்குளிர் அடிச்சு, கரன்டும் போய், வீட்டுக் குழாயெல்லாம் வெடிச்சுது. அந்த மாதிரி இடத்துல, "நம்ம ஊர்ல எங்க உறையப் போகுது"ன்னு தயார் பண்ணாம விட்ட படகுதான் காலி. அங்கேயும் பல படகு பாலிசிகள்ல உறைஞ்சு போன என்ஜினுக்குத் தனியா கவர் எடுத்திருக்கணும், இல்லேன்னா பணம் வராது.

நம்ம கதையும் இதேதான். "நம்ம தெருவுல தண்ணி நிக்காது சார்"னு 2015-லயும் சொன்னோம், 2023-லயும் சொன்னோம்.

பாலிசியில என்ன எழுதியிருக்கு?

உங்க கார் பாலிசியை எடுத்து ஓன் டேமேஜ் பகுதியைப் படிங்க. வெள்ளம், புயல், சூறாவளி, ஆலங்கட்டி மழை, ஏன் உறைபனிகூட அந்த லிஸ்ட்ல இருக்கும்! கரையான்சாவடியில உறைபனிக்கே கவர் இருக்கும்போது, வெள்ளத்துல போன என்ஜினுக்கு ஏன் இல்லை?

ரெண்டு வரிதான் காரணம். ஒண்ணு, 'தொடர் விளைவு நஷ்டம்', மெக்கானிக்கல் பிரேக்டவுன் இதுக்கெல்லாம் பொறுப்பில்லைன்னு இருக்கும். இன்னொண்ணு, வண்டியைப் பாதுகாக்க நியாயமான எல்லா முயற்சியும் நீங்க எடுக்கணும். பழுது பார்க்காம ஓட்டி சேதம் கூடினா அது உங்க பொறுப்புன்னு இருக்கும். தண்ணி புகுந்தது வெள்ளம். சாவி திருகி உடைஞ்சது தொடர் விளைவு. பெரும்பாலான கம்பெனிகள் இப்படித்தான் வாதம் பண்ணும். என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இருக்கிறதே இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

தேய்மானமும் சும்மா இல்லை. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50% கழிப்பாங்க. உலோகப் பாகத்துக்கு வண்டி வயசைப் பொறுத்து: 4 முதல் 5 வருஷம்னா 35%, அதுக்கு மேலே 10 வருஷம் வரைக்கும் 40%. வெள்ளத்துல போறது பெரும்பாலும் ஒயரிங், பிளாஸ்டிக், பேட்டரி. அதனாலதான் ரூ.85,000 ரூ.49,000 ஆச்சு.

பைக் வெச்சிருக்கவங்க இதைக் கண்டிப்பா பாருங்க

2018 செப்டம்பர் 1-லேர்ந்து புது டூவீலருக்கு 5 வருஷம், காருக்கு 3 வருஷம் தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஷோரூம்ல, "அஞ்சு வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கு"ன்னு சொல்லி பேப்பரைக் கொடுத்துடுவாங்க. அந்த அஞ்சு வருஷம் நீங்க அடுத்தவனுக்குப் பண்ற சேதத்துக்கு. உங்க வண்டிக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரே வருஷத்துல முடிஞ்சுடும். போலீஸ் பிடிச்சா பேப்பர் சரியா இருக்கும், தண்ணியில போனா ஒரு பைசா வராது. ஓன் டேமேஜை மட்டும் தனியா எடுக்கலாம். முடிஞ்சு 90 நாளுக்கு மேல ஆச்சுன்னா நோ கிளெய்ம் போனஸும் போயிடும். இன்னைக்கே தேதியைப் பாருங்க.

அப்போ எல்லா ஆட்-ஆனும் வேணுமா?

வேண்டாம். அந்த விஷயத்துல என் கருத்து மாறலை. சாவி தொலைஞ்சா காசு, பொருள் தொலைஞ்சா காசு மாதிரி ஆட்-ஆனுக்கெல்லாம் பணம் தராதீங்க. ரூ.5,000, ரூ.10,000 நஷ்டத்தை உங்க எமர்ஜென்சி ஃபண்ட் தாங்கும். உங்க ரெண்டு மாச சம்பளத்தை ஒரே அடியில காலி பண்ற நஷ்டத்துக்குத்தான் இன்ஷூரன்ஸ். மேற்கு சென்னையில, கீழ்த்தளத்துல வண்டி நிறுத்துற ஒருத்தருக்கு என்ஜின் புரொடெக்டும் ஜீரோ டெப்ரிசியேஷனும் அந்த வகை. மூணாவது மாடி பார்க்கிங் இருந்து, வெள்ளத்துல வண்டியை எடுக்கவே மாட்டேன்னா என்ஜின் புரொடெக்ட் இல்லாமலும் இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே பதில்னு நான் பேசினதுதான் தப்பு.

மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆட்-ஆனை பொதுவா பாலிசி எடுக்கும்போதோ ரின்யூவல்லயோதான் சேர்க்க முடியும். புயல் சின்னம் உருவான பிறகு போன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை. வண்டி வயசு ஏறினா சில கம்பெனி தராது. சம்பளக்காரங்களுக்குச் சொந்த காரோட பிரீமியத்துக்கும் வரிச்சலுகை இல்லை, ரிப்பேர் செலவுக்கும் இல்லை. அதனால, "வருஷக் கடைசியில பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

காசு செலவில்லாத பாதுகாப்பு

2024 அக்டோபர்ல கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரிக்காரங்க மேம்பாலத்து மேல வரிசையா காரை நிறுத்தினாங்க. நிறைய பேர் கிண்டல் பண்ணாங்க. ஒரு ஆடிட்டரா எனக்கு அது நல்ல கணக்காத்தான் பட்டுது. பாலத்துல நிறுத்தச் சொல்லலை. மேட்டுல இருக்கிற சொந்தக்காரங்க வீடு, ஆபீஸ் மாடி பார்க்கிங், எதுன்னு மழைக்கு முன்னாடியே பேசி வைங்க.

வண்டி மூழ்கிடுச்சா? சாவியைத் தொடாதீங்க. பட்டன் ஸ்டார்ட்டும் வேண்டாம், தள்ளி ஸ்டார்ட் பண்றதும் வேண்டாம். தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு தேதியோட போட்டோ, வீடியோ எடுங்க. முடிஞ்சா பேட்டரி ஒயரை மெக்கானிக்கை விட்டுக் கழட்டுங்க. இன்ஷூரன்ஸுக்கு உடனே தகவல் சொல்லி, டோ பண்ணித்தான் வொர்க்‌ஷாப் கொண்டு போகணும். என்ஜின் புரொடெக்ட் இருந்தாலும் இதேதான், ஏன்னா அதுலயும் சில கம்பெனி நிபந்தனை போடுது.

அந்தப் பழைய வீடியோவை எடுத்துட்டேன். திருத்தின வீடியோ இந்த வாரம் வரும். அந்தத் தம்பி இந்த வருஷ ரின்யூவல் கொட்டேஷனை எனக்கு அனுப்பி, "சார், எதை விடலாம்?"னு கேட்டாரு. இந்தத் தடவை பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டேன்: "வண்டியை எங்கே நிறுத்துறீங்க?"