வாயில் பல்குத்தும் குச்சி, காலில் பந்து: பில்லி மெரிடித் கேட்ட கூலி!

வலது ஓரக் கோட்டை ஒட்டியே ஓடுவார். வாயில் பல்குத்தும் குச்சி ஒன்று இருக்கும். எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்று டிஃபெண்டர் யோசிப்பதற்குள், பந்து கோல் போஸ்ட் முன்னால் போய் விழும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்செஸ்டரைக் கட்டிப்போட்ட அந்த விங்கரின் பெயர், பில்லி மெரிடித்.

1874-ல் வேல்ஸின் சிர்க் என்ற ஊரில் பிறந்தவர். 12 வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிவிட்டார். 1894-ல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்த பிறகும் சுரங்க வேலையை உடனே விடவில்லை. கால்பந்து சோறு போடுமா என்ற சந்தேகம்தான்!

1904 எஃப்.ஏ கோப்பை இறுதிப்போட்டி. எதிரணி போல்டன். ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் கேப்டன் மெரிடித். சிட்டியின் முதல் பெரிய கோப்பை அது. ஆனால், எவ்வளவு கூட்டம் வந்தாலும் ஒரு வீரருக்கு வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்பது 1901-லிருந்து விதி. கிளப்கள் மறைவாகக் கூடுதல் பணம் கொடுத்துவந்தன.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. ஆட்டத்தை விட்டுக்கொடுக்க ஆஸ்டன் வில்லா வீரருக்கு 10 பவுண்டு தர முயன்றதாகப் புகார். முதலில் மறுத்தார்; பிறகு, கிளப் தரப்பு சொல்லித்தான் செய்தேன் என்றார். தடைக் காலத்தில் சிட்டி கைவிட்டதும், மறைவான சம்பளக் கதையையும் போட்டு உடைத்தார். விளைவு, 17 சிட்டி வீரர்களுக்குத் தடை!

மெரிடித் போய்ச் சேர்ந்த இடம், அதே ஊரின் மான்செஸ்டர் யுனைடெட். 1907 ஜனவரி 1-ல் முதல் ஆட்டம். எதிரணி, அதே ஆஸ்டன் வில்லா! அவர் தூக்கிக் கொடுத்த பந்தை சாண்டி டர்ன்புல் கோலாக்க, யுனைடெட் 1-0 என வென்றது. 1908, 1911-ல் லீக் பட்டம், 1909-ல் எஃப்.ஏ கோப்பை எனத் தொடர்ந்தது வெற்றி.

அந்த 1907 டிசம்பரில் மான்செஸ்டர் ஹோட்டல் ஒன்றில் கூடிய வீரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். கூட்டத்துக்குத் தலைமை மெரிடித். 1909-ல், சங்கத்தை விட்டு விலகாவிட்டால் ஆட முடியாது என்று கால்பந்து நிர்வாகம் மிரட்டியபோதும் யுனைடெட் வீரர்கள் பணியவில்லை. கடைசியில் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. சம்பள வரம்பு மட்டும் நீங்கவில்லை.

வேல்ஸுக்காக 48 ஆட்டங்கள். அவற்றில் கடைசி ஆட்டத்தில், 1920-ல், இங்கிலாந்தை 2-1 என வீழ்த்தியபோது அவருக்கு வயது 45. மீண்டும் சிட்டிக்கே திரும்பி, 1924-ல் எஃப்.ஏ கோப்பை அரையிறுதியில் ஆடியபோது வயது 49!

1958-ல் மெரிடித் காலமானார். சம்பள வரம்பு 1961-ல் ஒழிந்தது. பல ஆண்டுகள் அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. பின்னாளில் அதை வைக்க முன்வந்தவர்களில், அவர் தொடங்கிவைத்த அந்த வீரர்கள் சங்கமும் ஒன்று.