பந்து திறக்கும் கதவு

அமெரிக்காவில் கூடைப்பந்து வெறும் விளையாட்டு அன்று. அது ஒரு பள்ளிக்கூட விஷயம். இந்த ஒரு சங்கதியை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால்தான், தென் அமெரிக்காவிலிருந்து அந்நாட்டுக்கு வந்து பந்தாடிய சில கொலம்பிய வாலிபர்களைப் பற்றி இவ்வாரம் நாம் சொல்லப்போவது நேயர்களுக்கு நன்கு விளங்கும்.

அந்த ஆட்டம் பிறந்ததே ஒரு கலாசாலையில்தான். 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற தேகப் பயிற்சி ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக ஒரு புது ஆட்டத்தை வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடி விளிம்பில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். அன்று பள்ளிக்கூடத்தில் பிறந்த குழந்தை இன்று வரையில் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவேயில்லை. ஐரோப்பாவில் ஒரு சிறுவன் பந்தாட விரும்பினால் ஊர்ச் சங்கத்தை நாடிப் போகிறான். அமெரிக்காவில் அவன் பள்ளியில் சேர்கிறான். உயர்தரப் பள்ளிக்கு ஒரு கோஷ்டி; கலாசாலைக்கு ஒரு கோஷ்டி; சர்வகலாசாலைக்கு ஒரு கோஷ்டி. படிப்படியாக ஏறினவர்களில் வெகு சிலர் மட்டும் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைச் சங்கத்தின் வாசலை அடைகிறார்கள்.

இதன் பலன் என்னவென்றால், நன்றாகப் பந்தாடும் ஏழைப் பையனுக்குச் சர்வகலாசாலையே உபகாரச் சம்பளம் கொடுத்து, சோறு போட்டு, தங்க இடம் தந்து, பாடமும் சொல்லிக்கொடுக்கிறது. கேட்பதற்கு இது கல்பவிருக்ஷத்தின் கதை போல இருக்கிறது. கல்பவிருக்ஷத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா?

கொலம்பியா, ஸைமன் பொலிவாரின் படைகள் 1819-இல் ஸ்பானிஷ் ஆட்சியை முறியடித்து விடுதலை கண்ட தேசம். அங்கே ஜனங்களின் முதல் காதல் கால்பந்து. இரண்டாவது, மலைப்பாதைகளில் ஓடும் சைக்கிள் பந்தயம். கரீபியக் கடலோர ஊர்களில் மட்டும் பேஸ்பால் மோகம் அதிகம். மக்தலேனா நதி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள பர்ராங்கியா நகரத்து எட்கார் ரென்டேரியா என்பவர், 1997-இல் அமெரிக்க பேஸ்பால் இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் வெற்றி அடியை அடித்தார். ஆகவே அந்நகரத்துப் பெற்றோர், பிள்ளை வளர்ந்து அமெரிக்கா போவான் என்று கனவு கண்டால் கையில் மட்டையோடுதான் கண்டிருப்பார்கள். கூடைப்பந்து அவர்களுடைய கனவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது.

ஆயினும் சிலர் அந்த வழியிலும் போனார்கள். முதலில் பேர் பெற்றவர் கார்த்தஹேனா நகரத்து அல்வரோ தெஹெரான். ஏழடிக்கு மேற்பட்ட உயரம். ஹ்யூஸ்டன் சர்வகலாசாலைக்கு ஆடிய இவரை, 1991-இல் பிலடெல்பியா தொழில்முறைக் கோஷ்டி 44-ஆவது ஆளாகப் பொறுக்கி எடுத்தது. எடுத்தது என்னவோ உண்மை, ஆனால் என்.பி.ஏ. பந்தயம் ஒன்றிலாவது இறங்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. பிறகு, மெடெயின் நகரத்து ஹுவான் பலாஸியோஸ் நியூயார்க் பக்கத்து உயர்தரப் பள்ளியொன்றில் சேர்ந்து, அங்கிருந்து லூயிவில் சர்வகலாசாலைக்கு வந்தார். அவர் வந்த முதல் பருவத்திலேயே, 2005-இல், அந்தக் கோஷ்டி தேசீயப் போட்டியின் கடைசி நான்கு கோஷ்டிகளில் ஒன்றாயிற்று. அவரும் என்.பி.ஏ.வுக்குப் போகவில்லை, ஐரோப்பாவில் ஆடினார். காஸனாரே சமவெளியிலுள்ள வில்லனுவேவாவில் பிறந்த பிரையான் அங்கோலா, ஐடஹோ மாகாணத்தின் வடகோடியிலுள்ள சிறிய கலாசாலை ஒன்றில் இரண்டு வருஷம் ஆடிவிட்டு, பிளாரிடா மாகாண சர்வகலாசாலைக்கு மாறினார். 2018-இல் அக்கோஷ்டி தேசீயப் போட்டியில் மிஞ்சிய எட்டு கோஷ்டிகளுக்குள் வந்தது. அவரையும் என்.பி.ஏ. பொறுக்கி எடுக்கவில்லை.

இப்படி ஒருவர் பின் ஒருவராகத் தட்டிய கதவு கடைசியில் பர்ராங்கியா நகரத்துக்காரர் ஒருவருக்குத் திறந்தது. அவர் பெயர் ஹைமே எச்செனிக்கே. ரென்டேரியா அந்த வெற்றி அடியை அடித்த அதே 1997-இல் பிறந்தவர். உயரம் 6 அடி 11 அங்குலம்.

எச்செனிக்கே பெரிய சர்வகலாசாலையின் தலைவாசல் வழியாகப் போகவில்லை. டெக்ஸாஸ் மாகாணத்தில் ஏதென்ஸ் என்று ஒரு சிற்றூர் உண்டு. பெயரைக் கேட்டு, ஸாக்ரடீஸ் நடந்த வீதிகளை நேயர்கள் கற்பனை செய்ய வேண்டாம். அது சாதாரண நாட்டுப்புறத்து ஊர். அங்கே டிரினிட்டி வாலி என்னும் ஈராண்டுக் கலாசாலையில்தான் அவர் சேர்ந்தார். அமெரிக்கா முழுவதும் இத்தகைய ஈராண்டுக் கலாசாலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சர்வகலாசாலை கேட்கும் மார்க்கு இல்லாதவர்கள், பணம் போதாதவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து பாஷை பழகவேண்டியவர்கள் ஆகிய பலருக்கும் அவை பக்கவாசல். முதல்தர சர்வகலாசாலைக் கோஷ்டியில் நேராகச் சேர வேண்டுமானால், உயர்தரப் பள்ளியில் குறிப்பிட்ட 16 பாடங்களை முடித்து, 4 புள்ளிக்கு 2.3 புள்ளியாவது சராசரி பெற்றிருக்கவேண்டும் என்பது விதி. மற்றவர்கள் இந்தப் பக்கவாசலில் இரண்டு வருஷம் படித்து, தகுதியைச் சம்பாதித்துக்கொண்டு மேலே போகலாம்.

இந்த ஏற்பாட்டை நாம் மனமாரப் புகழ்கிறோம். ஸ்பானிஷ் பாஷையில் வளர்ந்த வாலிபன், ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, ஆங்கிலத்தில் பரீக்ஷை எழுதித் தேறினால்தான் மறுவாரம் பந்தைத் தொடலாம் என்பது சாமான்யக் காரியம் அல்ல. பந்தைக் கூடையில் போடும் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. இலக்கணம் மண்டையில் ஏற நாளாகிறது. கால் வழுக்கினால் எழுந்து ஓடலாம். மார்க்கு வழுக்கினால் பருவமே போய்விடும்.

எச்செனிக்கே இரண்டு வருஷத்தில் ஏறிவிட்டார். 2018-இல் கான்ஸாஸ் மாகாணத்து விச்சிட்டா சர்வகலாசாலைக்குச் சென்று இரண்டு பருவங்கள் ஆடினார். இரண்டாவது பருவத்தில் கோஷ்டி 23 பந்தயங்களில் ஜயித்து 8-இல் தோற்றது. தேசீயப் போட்டிக்கு அழைப்பு வரக்கூடிய ஸ்திதி. அப்போது உலகத்தையே பிடித்த கொள்ளை நோய் வந்தது. 2020 மார்ச் 12-இல் தேசீயப் போட்டியை ரத்து செய்துவிட்டார்கள். கடைசி வருஷ மாணவர்களுக்கு அது திரும்பி வராத பருவம். நவம்பரில் என்.பி.ஏ. கோஷ்டிகள் ஆள் பொறுக்கிய தினத்தில் அவருடைய பெயரை எவரும் கூப்பிடவில்லை.

அவர் ஸ்பெயினுக்குப் போய் ஆடினார். பிறகு அமெரிக்கா திரும்பி, வாஷிங்டன் கோஷ்டியின் கீழ்ப்படியிலுள்ள பயிற்சிக் கோஷ்டியில் சேர்ந்து காத்திருந்தார். எந்த நோய் அவருடைய பருவத்தைப் பறித்ததோ அதே நோய் 2021 டிசம்பரில் வாஷிங்டன் ஆட்டக்காரர்களைப் படுக்கவைத்தது. ஆள் போதவில்லை. பத்து நாள் ஒப்பந்தத்தில் எச்செனிக்கேயைக் கூப்பிட்டார்கள். டிசம்பர் 30-ஆம் தேதி, கிளீவ்லாண்டு கோஷ்டிக்கு எதிராகச் சில நிமிஷங்கள் ஆடினார். கொலம்பியாவில் பிறந்து என்.பி.ஏ. பந்தயத்தில் இறங்கிய முதல் மனிதர் அவரே. தெஹெரானைப் பொறுக்கி எடுத்து முப்பது வருஷம் கழித்து நடந்த காரியம் இது.

சில நிமிஷங்களுக்காகவா இவ்வளவு பாடு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். முதல்தரச் சர்வகலாசாலைகள் 350-க்கு மேல். எச்செனிக்கே ஆடிய நாட்களில் ஒவ்வொன்றும் 13 ஆட்டக்காரர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம். ஆகக் கூடி நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட வாலிபர்கள். வருஷத்துக்கு ஒரு முறை என்.பி.ஏ. பொறுக்குவதோ அதிகபட்சம் 60 பேரை. அதிலும் ஐரோப்பாவிலிருந்து நேராக வருகிறவர்களுக்குப் பங்கு உண்டு. லாட்டரிச் சீட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களை நாம் புத்திசாலிகள் என்று சொல்வதில்லை. ஆகையால் இந்த ஏணியின் மதிப்பை உச்சிப்படியை வைத்து அளப்பது தவறு. நடுப்படியில் நின்றுவிட்டவனுக்குக் கையில் என்ன இருக்கிறது என்பதைக்கொண்டுதான் அளக்கவேண்டும்.

அந்த அளவுகோலால் பார்த்தால் ஒரு நன்மையும் ஒரு குறையும் தெரிகின்றன. நன்மை, படிப்பு. மாணவர் விசாவில் வந்தவன் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 மதிப்பலகுப் பாடங்கள் படித்தே ஆகவேண்டும். அவன் மனம் வைத்தால், முழங்கால் தேய்ந்த பிறகும் தேயாத பட்டம் ஒன்று அவனிடம் மிஞ்சும்.

குறை, பணத்தில் இருக்கிறது. பல காலம் கலாசாலை ஆட்டக்காரன் தன் ஆட்டத்தால் காலணா சம்பாதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. அரங்கத்துக்கு டிக்கெட்டு விற்கலாம். ஒளிபரப்புக்குக் கோடிக்கணக்கில் வாங்கலாம். ஆடுகிறவன் மட்டும் கை நீட்டக் கூடாது! 2021 ஜூலை 1 முதல் அந்த விதி தளர்ந்தது. தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து மாணவன் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, சர்வகலாசாலைகளே தங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு ஒவ்வொரு சர்வகலாசாலைக்கும் உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

இந்த விருந்தில் வெளிநாட்டு மாணவனுக்கு மட்டும் இலையைத் தயக்கத்தோடு போடுகிறார்கள். மாணவர் விசாவில் உள்ளவன் வேலை செய்வதற்குக் கடுமையான வரம்புகள் உண்டு. விளம்பரப் பணம் வேலைக்கூலி என்று கருதப்பட்டால் விசாவே பறிபோகலாம் என்ற அச்சம். காங்கோ தேசத்திலிருந்து வந்து கென்டக்கி சர்வகலாசாலைக்கு ஆடிய ஆஸ்கார் ஷீப்வே, 2022 ஆகஸ்டில் கோஷ்டி பஹாமாஸ் தீவுகளுக்குப் போனபோது, அமெரிக்க எல்லைக்கு வெளியே அந்தச் சில தினங்களில் விளம்பர வேலையை முடித்துக்கொண்டு திரும்பினார். கூடவே ஆடும் தோழன் வீட்டிலிருந்தபடி வாங்குவதை இவர் கடல் தாண்டிப் போய் வாங்கவேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எச்செனிக்கே ஆடிய விச்சிட்டா கோஷ்டிக்கு 'ஷாக்கர்கள்' என்று பெயர். கோதுமைக் கதிரை அறுத்துக் கட்டிக் குவிப்பவர்கள் என்பது அதன் மூலப்பொருள். நூறு வருஷத்துக்கு முன்பு அக்கலாசாலையின் ஆட்டக்காரர்கள் பலர் அறுவடை வயலில் கூலி வேலை செய்து படிப்புச் செலவைச் சமாளித்தார்களாம். 1904-இல் அதையே பெருமையாகப் பெயரில் வைத்துக்கொண்டார்கள். உழைத்துச் சம்பாதித்த மாணவனைப் பெயரில் கொண்டாடும் கோஷ்டியிலேகூட, அயல்நாட்டு மாணவன் சம்பாதிக்கலாமா கூடாதா என்று வக்கீலைக் கேட்கவேண்டிய காலம் இது.

நம் தேசத்தாருக்கும் இவ்விஷயம் தூரத்துப் பச்சை அல்ல. பஞ்சாபில் பல்லோ கே என்னும் கிராமத்துச் சிறுவன் சத்னாம் சிங், 2010-இல் பிளாரிடா மாகாணத்துப் பயிற்சிப் பள்ளிக்குப் போனான். 2015-இல் டல்லஸ் கோஷ்டி அவரை 52-ஆவது ஆளாகப் பொறுக்கியது. இந்தியாவில் பிறந்தவர்களில் அவரே முதல்வர். ஆனால் சர்வகலாசாலைப் படியை மிதிக்காமலே அவர் அங்கே போனார், என்.பி.ஏ. பருவப் பந்தயத்தில் இறங்க அவருக்கு வாய்க்கவில்லை. உயரத்தில் அவர் எச்செனிக்கேக்குக் குறைந்தவர் அல்லர். இருவருக்கும் நடுவே நின்ற வித்தியாசங்களில் நாலு வருஷக் கலாசாலை வாசமும் ஒன்று.

ஆகவே, பிள்ளையின் உயரத்தைப் பார்த்து எவரேனும் அமெரிக்கப் பள்ளியின் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தால், பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்கட்டும். கால் முறிந்தாலும் உபகாரச் சம்பளம் தொடருமா? பட்டம் பெறும் வரையில் கிடைக்குமா, ஒரு வருஷத்துக்கு மட்டுமா? ஆங்கிலமும் பாடமும் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஆசிரியர் உண்டா? மூன்றுக்கும் எழுத்து மூலமாகப் பதில் வந்தால் பையனைத் தைரியமாக அனுப்பலாம். வாய்மொழியாக வந்தால், பெட்டி கட்டுவதைச் சற்று ஒத்திப்போடலாம்.

தேசத்தை ஆளுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எச்செனிக்கே கொலம்பியாவின் தேசீயக் கோஷ்டிச் சட்டையையும் அணிந்து ஆடியிருக்கிறார். பிள்ளை திரும்பி வந்தான் என்று அந்நாட்டார் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை அயலானுக்கு விட்டுவிட்டு, விளைச்சலில் மட்டும் பெருமை கொண்டாடுவது எந்தத் தேசத்துக்கும் அழகல்ல. ஆட்டமும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்கலாம் என்று அமெரிக்கா காட்டியிருக்கிறது. அதைக் கற்றுக்கொள்வதற்கு விசா வேண்டியதில்லை.