ஒரு ஊர், இரண்டு பதிவு

கலைப்பீடத்துக்காரருக்கு இது என்னத்துக்கு எண்டு கேட்பீங்கள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

வயதானவர்களின் வாய்மொழிக் கதைகளை ஒலிப்பதிவு செய்து, அதன் விபரங்களை எஸ்.கியூ.லைட் தரவுத்தளமொன்றில் எங்கட குழு சேர்த்து வருகிறது. ஒருநாள் கொக்குவில் எண்டு தேடினன். இருக்கிற பதிவுகளில் பாதிதான் வந்தது. திரையில் எல்லாமே ஒரே கொக்குவில்தான். ஆனால் யுனிகோட்டில் 'கொ'வின் கொம்பையும் அரவையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடாகவும் எழுதலாம். யுனிகோட் இரண்டையும் சமமெண்டு சொன்னாலும் எஸ்.கியூ.லைட் பைட்டுகளைத்தான் ஒப்பிடும். அதுக்கு அவை இரண்டு ஊர்.

மருந்து சின்னது. பைத்தனோடேயே வரும் 'யுனிகோட்டேட்டா' மொடியூலில் 'நோர்மலைஸ்' எண்ட செயல்கூறு இருக்கு. அது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். அந்த வரிகளை எங்கட ஐந்து ஸ்கிரிப்டுகளிலும் கொப்பி பண்ணிப் போட்டன். பிறகு சில பெயர்களுக்குள் அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்குறி ஒன்றும் ஒளிந்திருந்தது தெரிஞ்சுது. நோர்மலைஸ் அதை நீக்காது. மூன்று ஸ்கிரிப்டில் திருத்தினன், இரண்டை மறந்திட்டன். பெயர்கள் திரும்பவும் பிரிஞ்சு போச்சு.

இப்ப அந்தத் திருத்தம் ஒரேயொரு கோப்பில் இருக்கு. ஐந்து ஸ்கிரிப்டும் அதை இம்போர்ட் செய்யுது. பதியும்போதும் தேடும்போதும் பெயர் அதன் வழியாகத்தான் போகும். பழைய பதிவுகளையும், ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதால்தான் சுத்தம் செய்தோம்.

கொப்பி பண்ணுறது எங்களுக்குப் பழகின வேலை. சீனியரின் நோட்ஸ் பிழையோடேயே பட்ச் பட்சாக இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறோம். கொப்பி பண்ணினது எங்கிருந்து வந்ததெண்டதை மறந்துவிடும். இம்போர்ட் அடிக்குறிப்பு மாதிரி, மூலத்தைச் சொல்லும்.

அதுக்காக கண்டதையெல்லாம் இம்போர்ட் செய்யச் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பாட்' எண்ட வெறும் 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் மொடியூலை எழுதினவர் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்க, அதை நம்பியிருந்த ஏராளமான திட்டங்கள் நின்றுபோயின. எங்கட கோப்பில் பிழை வந்தாலும் ஐந்து ஸ்கிரிப்டும் சேர்ந்தே பிழைக்கும். அதனால் கொக்குவில், கோப்பாய், கொடிகாமம் எண்டு சில பெயர்களைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் எந்த மாற்றத்தையும் ஏற்கிறோம்.

ஒரு அம்மம்மா இரண்டு மணித்தியாலம் இருந்து கதை சொன்னவ. தேடும்போது அவவின்ர பதிவு வராவிட்டால், தேடுகிறவருக்கு அவ பேசவேயில்லை.