சந்தை ஆடு பட்டிக்குள் நுழையும் முன்

“சந்தையில் மூன்று வெள்ளாடுகள் வாங்கியுள்ளோம். வீட்டில் ஏற்கெனவே எட்டு ஆடுகள் உள்ளன. உடனே ஒன்றாக அடைக்கலாமா? குடற்புழு மருந்து மட்டும் கொடுத்தால் போதுமா?”
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

ஒன்றாக அடைக்கக் கூடாது. குறைந்தது மூன்று வாரமாவது புதிய ஆடுகள் தனியாக இருக்க வேண்டும். 30 நாள் என்றால் இன்னும் நல்லது. அதே கொட்டகையில் நடுவே ஒரு தட்டி கட்டினால் போதாது. தள்ளி ஒரு மரத்தடியில் கட்டி, தண்ணீர்ச் சட்டியையும் தீவனத்தையும் தனியே வைக்க வேண்டும். பழைய ஆடுகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகவே புதியவற்றிடம் போக வேண்டும்.

முக்கியக் காரணம் ஆட்டுக்கொல்லி நோய். கிருமி புகுந்து 4 முதல் 6 நாள் கழித்துத்தான் பெரும்பாலும் காய்ச்சல் தெரியும். சிலவற்றுக்கு 10 நாளும் ஆகும். சந்தையில் துள்ளி நின்ற ஆடு, அடுத்த வாரம் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, வாய்ப்புண்ணும் கழிச்சலுமாகப் படுத்துவிடும். அப்போது எட்டு ஆடுகளுக்கும் ஆபத்து. ‘ஊசி போட்டாச்சு’ என்ற வியாபாரியின் வாய்ச்சொல் கணக்கில் சேராது. பழைய எட்டுக்கும் தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடலாம். ஒருமுறை போட்டால் சுமார் 3 ஆண்டு தாங்கும்.

இனி, குடற்புழு. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள் பலர். கீழ் இமையை விலக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. இமையின் உட்புறம் சிவந்திருந்தால் கவலையில்லை. வெளுத்திருந்தால், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால், ரத்தம் உறிஞ்சும் புழு வயிற்றில் ஏராளம் என்று பொருள். காது மடல், வாலடி, தொடையிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கு முன் புழுக்கைப் பரிசோதனை அவசியம். அன்று காலைப் புழுக்கையை, மண் ஒட்டாமல் ஒவ்வொரு ஆட்டுக்கும் தனிப் பொட்டலமாகக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குட்டிகளுக்கு வரும் ரத்தக் கழிச்சலை, வழக்கமான குடற்புழு மருந்து குணப்படுத்தாது; என்ன இருக்கிறதென்று தெரியாமல் மருந்து ஊற்றினால் பணம்தான் வீண். சினை பிடித்த முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் ஆகாது. சந்தை ஆட்டின் சினைக்கணக்கு யாருக்குத் தெரியும்? ஆகவே மருந்தையும் அளவையும் மருத்துவரே சொல்லட்டும். ஆட்டை எடை போட்டு, அந்த எடைக்கேற்ற அளவையே கொடுக்க வேண்டும்.

மருந்து கொடுத்த இரண்டு வாரத்தில் மறுபடி ஒரு பரிசோதனை வேண்டும். முட்டை குறையவில்லை என்றால் அந்த மருந்துக்குப் புழு அசரவில்லை. வேறு மருந்து தேவை. அதுவரை புதிய ஆடுகளின் புழுக்கையை மேய்ச்சல் பக்கம் கொட்டாமல், தனிக் குழியில் மட்க விட வேண்டும்.