கொடிக்கும் வலது கை உண்டு... தெரியுமா?

ஆகஸ்ட் 14-ம் தேதி இரவு. வீட்டு முகப்புச் சுவரில் தேசியக் கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். "காவி வலது பக்கம் வரணும்னு விதியிலேயே இருக்கு" என்கிறார் தாத்தா. "இல்ல தாத்தா, இடது பக்கம்தான் வரணும். ஸ்கூல்ல சொன்னாங்க" என்கிறாள் பேத்தி. இருவர் கையிலும் செல்போன், இருவரிடமும் ஆதாரம். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரி. ஏனென்றால், இருவரும் சொல்வது ஒரே பக்கத்தைத்தான்!

'இந்தியக் கொடி விதித்தொகுப்பு, 2002' சொல்வது இதுதான்: சுவரில் கொடியைக் கிடைமட்டமாக வைத்தால் காவி மேலே இருக்க வேண்டும். செங்குத்தாக வைத்தால், காவி 'கொடிக்கு வலப்பக்கம்' வர வேண்டும். அதாவது, எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம்.

துணிக்கு ஏது வலது கை, இடது கை?

கேடயம் தந்த கணக்கு

பதில் ஐரோப்பியப் போர்க்களத்தில் இருக்கிறது. இரும்புக் கவசத்துக்குள் முகம் மறைந்துவிட்டால் யார் நண்பன், யார் எதிரி என்று தெரியாது. அதனால் 12-ம் நூற்றாண்டு வாக்கில் வீரர்கள் கேடயத்தில் தங்களுக்கென ஓர் அடையாளத்தைத் தீட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது. இதிலிருந்து வளர்ந்த கலைதான் 'ஹெரால்ட்ரி'.

இந்தக் கலையில் வலது, இடது எல்லாமே கேடயத்தைப் பிடித்திருப்பவரின் கைக்கணக்கு. அவருடைய வலது 'டெக்ஸ்டர்'. இடது 'சினிஸ்டர்'. எதிரே நிற்பவருக்கு இது அப்படியே மாறித் தெரியும். லத்தீனில் 'இடது' என்று பொருள்பட்ட சினிஸ்டர், இன்றைய ஆங்கிலத்தில் 'தீய நோக்கமுள்ள' என்றாகிவிட்டது. இடது கையை ஒதுக்கிவைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல!

படமே இல்லாமல் ஒரு படம்

கேமரா இல்லாத காலத்தில் ஒரு சின்னத்தை எப்படிப் பதிவுசெய்வது? வார்த்தையால்தான். அந்த வர்ணனைக்குப் பெயர் 'பிளேசன்'. படிக்கும் ஓவியர் யாராக இருந்தாலும், அதே சின்னத்தைத் தீட்டிவிடலாம்.

அதில் தங்கம் 'ஆர்', வெள்ளி 'ஆர்ஜென்ட்', சிவப்பு 'கியூல்ஸ்', கறுப்பு 'சேபிள்'. சிங்கத்துக்கும் நிற்கும் விதத்தைப் பொறுத்துப் பெயர் மாறும். பின்னங்காலில் எழுந்து நின்றால் 'ரேம்பன்ட்'. ஸ்காட்லாந்து சிங்கம் அப்படி. முன்னங்காலைத் தூக்கி நடந்தால் 'பாஸன்ட்'. இங்கிலாந்து கால்பந்து அணியின் சட்டையில் இருக்கும் மூன்று சிங்கங்களும் நடந்தபடி நம்மைத் திரும்பிப் பார்ப்பவை. இலங்கைக் கொடியின் சிங்கமும் முன்னங்காலில் வாளைத் தூக்கி, கம்பம் இருக்கும் பக்கம் பார்த்து நிற்கிறது.

வண்ணத்துக்கும் ஒரு விதி உண்டு. தங்கமும் வெள்ளியும் 'உலோகம்'. மற்றவை 'நிறம்'. உலோகத்தின் மேல் உலோகமோ, நிறத்தின் மேல் நிறமோ வரக் கூடாது. தூரத்திலிருந்து பளிச்செனத் தெரிய வேண்டுமே! பிரிட்டன் கொடியில் நீலத்தின் மேல் இருக்கும் சிவப்புச் சிலுவையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நிறமும் நிறமும் உரசாமல் இருக்கத்தான் அந்தக் கோடு.

கொடியின் உடம்பு

கம்பத்தை ஒட்டிய பக்கம் 'ஹாய்ஸ்ட்'. காற்றில் படபடக்கும் பக்கம் 'ஃபிளை'. கம்பத்தை ஒட்டிய மேல்மூலைக் கட்டம் 'கேன்டன்'. அமெரிக்கக் கொடியில் நட்சத்திரங்கள் இருப்பது அங்கேதான்.

அமெரிக்க ராணுவ வீரர்களின் வலது தோளில் அந்தக் கொடி கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருக்கும். அச்சுப் பிழை அல்ல. கொடியை ஏந்தி முன்னால் ஓடினால் கம்பம் முன்னேயும் துணி பின்னேயும்தானே போகும்? அதனால் நட்சத்திரக் கட்டம் முன்பக்கம் வருகிறது.

ஏன் இவ்வளவு கவனம்?

'தேசியச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971'-ன்படி, வேண்டுமென்றே காவி கீழே வரும்படி கொடியைக் காட்டுவது குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். தெரியாமல் நடக்கும் தவறு இதில் வராது என்றாலும், ஒரு நிமிடம் சரிபார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வழி எளிது. சுவரைப் பார்த்து நின்று, காவி மேலே இருக்கும்படி கொடியைப் பிடியுங்கள். அந்த மேல் விளிம்பு உங்கள் இடது கைப் பக்கம் வரும்படி கால் சுற்று திருப்புங்கள். அவ்வளவுதான். பிறகு தெருவில் இறங்கி நின்று ஒருமுறை பாருங்கள். கொடி பறப்பது வீட்டுக்குள் இருப்பவருக்காக மட்டும் அல்ல, தெருவில் போகிறவருக்காகவும்தான்.

தாத்தாவும் பேத்தியும் அப்படித் தெருவில் போய் நின்றால் சண்டை தீர்ந்துவிடும். தாத்தா சொன்னது கொடியின் வலது. பேத்தி சொன்னது தன்னுடைய இடது.